பதினேழாம் எண் மாப்பிள்ளை

ஏப்ரல் 5, வியாழன்

நேற்று வனவிலங்கு அலுவலகத்துக்கு அனுப்பிய படிவத்தில் ஒரு பிழை இருக்கிறது. "உடல் அகற்றப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறித்தேன். அகற்றவில்லை. கிரான்ஹோல்மன் தீவிலுள்ள படகுக் கொட்டகைக்குள் போட்டு, கதவைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டு வந்தேன்.

காரணம் அற்பமானது. மூடிக் கட்டுகிற தடித்த பையை எடுத்துப்போக மறந்துவிட்டேன். கழுவி உலரப் போட்டது குளியலறைக் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சொறிநோய் இருக்கக்கூடிய உடலைப் பையில்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது என்பது விதி. சுட்ட இடத்தில் உடலை விட்டுவரக் கூடாது என்பதும் விதி. என்ன செய்வதென்று பார்த்தபோது கொட்டகை கண்ணில் பட்டது. படிவத்தை நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். "இல்லை" என்று குறித்தால் விளக்கம் கேட்கும். காலையில் எடுத்துவிடப் போகிறேனே என்று "ஆம்" போட்டேன்.

வேட்டைக்காரர்களுக்கான செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஸ்டெல்லான் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு இரவுக்கும் எழுதச் சொல்லியிருக்கிறார். "செஞ்சதை எழுதுங்க. செய்யப்போறதைச் செஞ்சதா எழுதாதீங்க" என்றார். படிவத்தில் தவறினேன். நோட்டிலாவது சரியாக எழுதுகிறேன்.

நேற்று இரவு நடந்தது இது. ஒன்பதரைக்கு நானும் அண்ணன் ஆல்ரிக்கும் இரண்டு பனிவண்டிகளில் உறைகடல் மேல் கிளம்பினோம். தீவுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வண்டிகளை நிறுத்திவிட்டு நடந்தோம். காற்று எங்கள் முகத்துக்கு எதிராக இருந்தது, அது சரி. பதினொன்றே காலுக்கு வெப்பப் பார்வைக்கருவியில் இரண்டு ரக்கூன் நாய்கள் வெள்ளை உருவங்களாகத் தெரிந்தன. கொட்டகைக்குப் பக்கத்து மரத்தடியில், எண்பது மீட்டருக்குள். துப்பாக்கி என்னிடம் இருந்தது.

"ரெண்டும் தெரியுதா?" ஆல்ரிக் காதருகில் கேட்டான்.

"தெரியுது. எது கழுத்துல பட்டை இருக்குன்னுதான் தெரியல."

"அப்போ விசையிலருந்து விரலை எடு. கண்ணைப் பார்க்காத, கழுத்தைப் பாரு, கணக்குப்பிள்ளை."

எதையும் எண்ணி எழுதி வைப்பதால் அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். என் பெயர் வெண்ட்லா.

பதினாறு நிமிடம் காத்திருந்தேன். ஒன்று எழுந்து உடம்பை உதறியது. வெள்ளைக் கழுத்தில் குளிர்ந்த கறுப்புக் கோடு. அதுதான் பட்டை கட்டிவிட்ட பதினேழாம் எண், சுடக் கூடாதது. மற்றதைச் சுட்டேன். ஒரே குண்டு. அது விழுந்த இடத்திலிருந்து அசையவில்லை.

பதினேழு ஓடவில்லை. பத்தடி தள்ளிப் போய் நின்றது. திரும்பி வந்து அவள் காதருகே முகர்ந்தது. நாங்கள் விளக்கைப் போட்டு நடந்துபோன பிறகுதான் மரங்களுக்குள் போனது.

ஆல்ரிக் அதன் பின்னால் குரல் கொடுத்தான். "போடா மாப்பிள்ளை, அடுத்ததைப் பாரு. ஊர்ல பொண்ணுக்கா பஞ்சம்?"

காலை ஆறு மணிக்கு அவனுக்கு ஆலையில் வேலை. அவன் உடனே கிளம்பிவிட்டான். சோதனைக்காகக் காது நுனியை வெட்டிக் குப்பியில் போடுவதும், எடை எழுதுவதும், உடலைக் கொண்டுவருவதும் என் பொறுப்பு. முதல் இரண்டையும் செய்தேன். பெண், ஆறு கிலோ எழுநூறு.

இன்று காலையிலிருந்து மழை. பனிக்கட்டியின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறதாம். போக முடியவில்லை.

ஏப்ரல் 10, செவ்வாய்

இன்னும் எடுக்கவில்லை. நான்கு நாள் மழை. நேற்றிரவுதான் தண்ணீர் மறுபடி உறைந்தது. இன்று பள்ளிச் சமையலறையில் எனக்கு முழு நாள் வேலை, மாலையில் வகுப்பு.

வகுப்பில் ஸ்டெல்லான் பட்டை கட்டிய மிருகங்களைப் பற்றிப் பேசினார். இங்கே குறித்துக்கொள்கிறேன்.

ரக்கூன் நாய் இந்த ஊர் மிருகம் அல்ல. கிழக்கிலிருந்து எல்லை தாண்டி வந்தது. குட்டைக் கால், தடித்த ரோமம், பார்த்தால் பாவமாக இருக்கும். தீவுகளில் முட்டையிடும் வாத்துகளை ஒரே பருவத்தில் துடைத்துவிடும். புதருக்குள் பதுங்கும் இதை மனிதன் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் இன்னொரு ரக்கூன் நாய் கண்டுபிடிக்கும். அதனால் சிலவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, இருப்பிடம் சொல்லும் பட்டையைக் கழுத்தில் கட்டித் திரும்ப விடுகிறார்கள். அது துணை தேடி நடக்கும், நாற்பது கிலோமீட்டர்கூட. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் ஒரே இடத்தில் கூடினால் ஜோடி சேர்ந்துவிட்டது. இரவில் போய்ப் பட்டை இல்லாததைச் சுட வேண்டும். பட்டை உள்ளதை விட்டுவிட வேண்டும். அது மறுபடி நடக்கும்.

பின் வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "அதுக்கு என்ன நடக்குதுன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"பட்டை கட்டுனதுக்கு. ஒவ்வொரு தடவையும் தன் ஜோடி சாவுதுன்னு."

ஸ்டெல்லான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாது. தெரிஞ்சா மறுபடி துணை தேடி நடக்காதுன்னு வெச்சுக்கலாம்."

பதினேழாம் எண்ணை மூன்று வருஷத்துக்கு முன் பெட்டிப்பொறியில் பிடித்தது ஆல்ரிக். பொறியிலிருந்து மருத்துவரிடம் கொண்டுபோகும் வழியெல்லாம் அது அவன் கையுறையைக் கடித்தபடியே இருந்ததாம், பல்லை அழுத்தாமல். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிடுவதால் மாப்பிள்ளை என்று பேர் வைத்தான். நான் சுட்டது ஐந்தாவது.

இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சரியாக இருக்காது. போன ஜூனில் நானும் ஆல்ரிக்கும் கிரான்ஹோல்மனுக்கு அப்பாலுள்ள சிறு தீவில் வாத்துக் கூடுகளை எண்ணினோம். நாற்பத்தொரு கூடு. முட்டை இருந்தது மூன்றில். மற்றவற்றில் உடைந்த முட்டையோடும் இறகும். சில தாய் வாத்துகள் கூட்டின் மேலேயே தலை இல்லாமல் கிடந்தன. இந்த வேலை தவறு என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

ஏப்ரல் 14, சனி

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். புதன் முதல் வெள்ளி வரையும் பள்ளி வேலையைச் சாக்கு வைத்துக் கொட்டகைக்குப் போகாமல் இருந்துவிட்டேன்.

மதியம் ஆல்ரிக் தொலைபேசியில் கூப்பிட்டான். சந்தோஷமாக இருந்தான்.

"ஏய், மாப்பிள்ளை எங்கன்னு பார்த்தியா? ஒம்பது நாளா கிரான்ஹோல்மனை விட்டு நகரல. அங்கேயே இன்னொருத்தி கெடைச்சுட்டா போல. பய கெட்டிக்காரன்!"

நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐம்பத்து நான்கு புள்ளிகள். எல்லாம் ஒரு கைப்பிடி எள்ளைக் கொட்டியதுபோல ஒரே இடத்தில். அந்த இடம் எது என்றும் எனக்குத் தெரிந்தது.

"ராத்திரி போவோம். பையை எடுத்துக்கோ" என்றான்.

எடுத்துக்கொண்டேன். பத்தே முக்காலுக்கு அதே இடத்தில் குப்புறப் படுத்தோம். ஒரே ஒரு வெள்ளை உருவம். கொட்டகைக் கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தது. கழுத்தில் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது.

"பொண்ணு எங்கயோ சாப்பிடப் போயிருக்கா. வருவா" என்றான் ஆல்ரிக்.

இரண்டு மணி நேரம் படுத்திருந்தோம். மாப்பிள்ளை இரண்டு முறை எழுந்தது. கதவடியை முன்னங்காலால் பிறாண்டியது. மறுபடி படுத்துக்கொண்டது. ஆல்ரிக் பார்வைக்கருவியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டான்.

"யாரும் இல்ல. தனியாத்தான் கெடக்குறான். என்னடா ஆச்சு உனக்கு?" அவன் அதைப் பார்த்துத்தான் கேட்டான். பிறகு என்னிடம்: "அந்தக் கொட்டகையில மீன் கீன் ஏதாவது இருக்குமா?"

இப்போதே சொல்லிவிடு என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. வாயைத் திறந்தேன்.

"இருக்கலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பையை மறுபடி குளியலறைக் கம்பியில் மாட்டினேன். அதில் ஒரு துளி அழுக்குகூட இல்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். பயம் என்பதுதான் உண்மை. இரவில் கருவி வைத்துச் சுடும் அனுமதியைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். ஆல்ரிக் என்னை நம்பமாட்டான் என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஏப்ரல் 18, புதன்

அலுவலகத்தில் எங்கள் கடற்கரைப் பகுதிக்குப் பொறுப்பாளர் ராக்னில்ட். அவரிடமிருந்து காலையில் செய்தி வந்தது. எனக்கும் ஆல்ரிக்குக்கும்.

"பதினேழாம் எண் தேடுவதை நிறுத்திவிட்டது. துணையும் இல்லை. வாத்துகள் வரத் தொடங்கிவிட்டன. பனி உடைவதற்கு முன் அதைச் சுட்டு எடுத்துவிடவும்."

இதுவும் விதிதான். தேடுகிற வரைதான் அதற்கு உயிர். தேடாவிட்டால், அதுவும் வாத்துத் தீவில் கிடக்கும் இன்னொரு ரக்கூன் நாய், அவ்வளவுதான்.

மாலை ஆல்ரிக் வீட்டுக்குப் போனேன். அவன் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் வழக்கப்படி கோப்பையில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, மேலே காப்பியை ஊற்றி என் பக்கம் தள்ளினான். முகம் சரியில்லை.

"மூணு வருஷம்" என்றான். "அஞ்சு பொண்ணு. ஒவ்வொருத்தியும் வருஷத்துக்கு எட்டு, ஒம்பது குட்டி போட்டிருப்பா. இந்தக் கரையை அவன் ஒருத்தன்தான் காப்பாத்தியிருக்கான், வெண்ட்லா. நாம இல்ல. இப்போ நின்னுட்டானாம், சுட்டுடணுமாம்."

"ஆல்ரிக்."

"பல்லு தேஞ்சிருக்கும். வயசு ஏழாவது இருக்கும். அதுக்காக—"

"ஆல்ரிக், அந்தப் பொண்ணு கொட்டகைக்குள்ள இருக்கா."

அவனுக்குப் புரியவில்லை. "எந்தப் பொண்ணு?"

"நான் சுட்டது. நாலாம் தேதி. பை கொண்டுபோகல. உள்ள போட்டுக் கதவைச் சாத்திட்டேன். எடுத்தாச்சுன்னு எழுதிட்டேன்."

கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். நான் எண்ணினேன், என்னையறியாமல். இருபத்திரண்டு சுற்று.

"சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் என் பக்கத்துல படுத்திருந்தே."

"ஆமா."

"மீன் இருக்குமான்னு கேட்டேன்."

"ஆமா."

"இருக்கலாம்னு சொன்னே." எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "பொய் சொல்லத் தெரியாதவன்னு நெனச்சேன்டி உன்னை. கட்டம் போட்டு, கோடு போட்டு, உப்பு எத்தனை சிட்டிகைன்னு எழுதி வெக்கிற ஆளு நீ."

 பிறகு அவனே தொலைபேசியை எடுத்து என் முன் வைத்தான்.

"கூப்பிடு. நீயே சொல்லு. அவன் நிக்கல, காத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு."

ராக்னில்ட் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"தேதி?"

"நாலு."

"இன்னிக்கு?"

"பதினெட்டு."

"பதினாலு நாள். சரி." பெருமூச்சு விட்டார். "இந்த சீசன் முடியற வரைக்கும் நீ துப்பாக்கியைத் தொடக்கூடாது, வெண்ட்லா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"சரிங்க. பதினேழு?"

"அதுக்குத்தான் வர்றேன். நாளைக்கு உடலை எடுங்க. மூணு ராத்திரி தர்றேன். அது தீவை விட்டுப் போயிட்டா இருக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். போகலைன்னா ஆல்ரிக் முடிச்சுடணும். பனி அதுக்கு மேல தாங்காது. தண்ணி தொறந்துட்டா நீங்களும் போக முடியாது, அதுவும் வெளியேறாது. அத்தனை கூட்டுக்கும் நடுவுல அது ஒண்ணு மட்டும் இருக்கும்."

"நாலு ராத்திரி தர முடியாதா?" ஆல்ரிக் எனக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டான்.

"ஆல்ரிக், நீ பனியை நேர்ல பார்க்கிறவன். நீயே சொல்லு, முடியுமா?"

அவன் ஆறிப்போன காப்பியைத் தொட்டியில் ஊற்றினான்.

ஏப்ரல் 19, வியாழன்

மாலை ஐந்துக்குப் போனோம். வெளிச்சம் இருந்தது. கரையோரத்தில் பனி சாம்பல் நிறமாகிவிட்டது. ஆல்ரிக் முன்னால் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தான். 

கொட்டகைக் கதவின் முன்னால், பனியில் ஒரு குழி. உடல் சூட்டில் உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகி, ஒரு கூடை அளவுக்கு வழவழப்பான குழி. அதற்குள் சாம்பல் ரோமம் ஒட்டியிருந்தது. கதவின் அடிப்பலகையில் நகக்கீறல்கள். ஓரிடத்தில் பலகை விரல் நுழையும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நான் நோட்டை எடுத்து அளக்கப் பார்த்தேன்.

"வேண்டாம்" என்றான் ஆல்ரிக்.

மூடிவிட்டேன்.

கொக்கியை எடுத்து உள்ளே போனேன். குளிரில் அவள் கெடவில்லை. நான் வைத்தபடியே வலைக்குவியல் பக்கத்தில் கிடந்தாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. கதவடி இடுக்கு வழியாக ஒரு மீனின் பாதி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. மண் படிந்த, காய்ந்த பாதி மீன். காற்றில் வந்திருக்குமா, எலி இழுத்துவந்திருக்குமா என்று யோசித்தேன். ஆல்ரிக்கிடம் காட்டவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டேன்.

வெளியே வந்தபோது மாப்பிள்ளை இருபது மீட்டர் தள்ளி, மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் அதை நான் அருகே பார்த்தது இதுவே முதல் முறை. மெலிந்திருந்தது. பட்டை தளர்ந்து தொங்கியது. ஓடவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. பையைப் பார்த்தது.

ஆல்ரிக் கையைத் தட்டினான். "போ! போடா! அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. போய் வேற எடத்தைப் பாரு!"

அது காதை அசைத்தது.

பனிக்கட்டியை உடைத்து அதன் பக்கம் எறிந்தான். மேலே படாதபடி எறிந்தான். "கெளம்புன்னு சொல்றேன்ல! கரைப்பக்கம் போ, வடக்கே போ, எங்க வேணா போய்த் தொலை! மூணே நாள்தான்டா இருக்கு உனக்கு!"

 நான் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை குழிக்கு வந்திருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே போய்ப் பார்க்கட்டும் என்று நாங்கள் வேண்டுமென்றே திறந்து விட்டிருந்தோம்.

ஏப்ரல் 20, வெள்ளி

இரவு எட்டு மணி: கொட்டகை. நள்ளிரவு: கொட்டகை. காலை நான்கு: கொட்டகை. எட்டு: கொட்டகைக்கு அறுபது மீட்டர் தெற்கே. பன்னிரண்டு: கொட்டகை.

அறுபது மீட்டரை ஆல்ரிக்குக்குச் செய்தியாக அனுப்பினேன். "நல்ல சகுனம்" என்று பதில் வந்தது. பட்டை இருபது மீட்டர் வரை தவறாகக் காட்டும் என்பது அவனுக்கும் தெரியும்.

ஏப்ரல் 21, சனி

காலை ஆறு மணிக்கு ஆல்ரிக் கதவை இடித்தான். தொப்பிகூட இல்லை.

"பார்த்தியா? பார்த்தியா நீ?"

பார்த்திருந்தேன். நள்ளிரவுப் புள்ளி உறைகடலின் நடுவில் விழுந்திருந்தது. நான்கு மணிப் புள்ளி கரையில், கொட்டகையிலிருந்து நேர்க்கோட்டில் ஐந்து கிலோமீட்டர் வடக்கே.

"நடக்கிறான்டி! நேரா வடக்கே! அங்க போன வருஷம் கேமராவுல ஒரு பொண்ணு விழுந்தா, ஞாபகம் இருக்கா? வாசனை புடிச்சுட்டான் பய!" என் தலையைப் பிடித்து ஆட்டினான். பதினெட்டாம் தேதிக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டது அப்போதுதான். "கணக்குப்பிள்ளை, எழுது எழுது, ஐயாயிரம் மீட்டர்னு கொட்டை எழுத்துல எழுது."

சிரித்தேன். ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் தொலைபேசியை மேசை நடுவில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்காகக் காத்திருந்தோம். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. வடக்கே அவள் இருந்தால், இரண்டு வாரத்தில் நாங்கள் அவளைச் சுடப் போவோம். ஆல்ரிக் சுடுவான், நான் பையைப் பிடிப்பேன். ஆறாவது. அதற்காகத்தான் இப்படிச் சந்தோஷப்படுகிறோம். இதைச் சொல்லவில்லை. அவனும் நினைத்திருக்கலாம். ரொட்டியை மென்றுகொண்டு திரையையே பார்த்தான்.

எட்டு மணிப் புள்ளி உறைகடலின் நடுவில் விழுந்தது. தெற்கே.

"வழி மாறியிருப்பான்" என்றான் ஆல்ரிக். "விரிசல் இருந்திருக்கும். சுத்திப் போறான்."

பன்னிரண்டு மணிப் புள்ளி வரை அவன் கிளம்பவில்லை. சோபாவில் காலணியோடு படுத்திருந்தான். பன்னிரண்டு மணிக்குக் கொட்டகை.

 எதற்காகப் போனது, எதற்காகத் திரும்பியது? நாங்கள் உடலைக் கொண்டுவந்த பனிவண்டித் தடம் வடக்கேதான் கரையேறுகிறது. ஐந்து கிலோமீட்டரில், படகுத்துறையில், தடம் முடிகிறது. வண்டியை நிறுத்திக் காரில் ஏற்றிய இடம் அது. நான்கு மணிப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகுத்துறைக்கு முப்பது மீட்டர்.

இதை ஆல்ரிக்கிடம் சொன்னேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஏப்ரல் 22, ஞாயிறு

மூன்றாவது இரவும் முடிந்தது. ஆறு புள்ளிகளும் கொட்டகை.

காலை ஒன்பதுக்கு ராக்னில்ட் அழைத்தார். நான்தான் எடுத்தேன். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கே உடலை எடுத்திருந்தா அது போயிருக்குமா?"

"தெரியல."

"முன்னால நாலு தடவையும் ரெண்டு நாள்ல கிளம்பியிருக்கு. பதிவுல பார்த்தேன்."

"நானும் பார்த்தேன். இப்போ வயசாயிடுச்சு, கால்ல வலி இருக்கலாம், கண்ணு மங்கியிருக்கலாம். உன்னாலதான்னு நான் சொல்லமாட்டேன், வெண்ட்லா. உன்னால இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். இதற்கு எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போடாமல் விடுகிறேன்.

மதியம் ஆல்ரிக்கிடம் போனேன். கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். தேவைக்கு அதிகமாகவே பிளந்திருந்தான்.

"ராக்னில்ட்கிட்ட நான் கேட்கிறேன்" என்றேன். "நாளைக்கு மட்டும் என்னைச் சுட விடச் சொல்லி. தப்பு என்னுது."

"அவங்க விடமாட்டாங்க."

"கேட்டுப் பார்க்கிறேன்."

"விட்டாலும் நான் விடமாட்டேன்." கோடாலியை மரக்கட்டையில் இறக்கினான். "பொறியில புடிச்சது நான். பட்டை கட்டும்போது தலையைப் புடிச்சுக்கிட்டது நான். இதையும் நானே செஞ்சுடறேன். உன் கை நடுங்கும், ரெண்டாவது குண்டு வேண்டியிருக்கும்."

"உன் கை நடுங்காதா?"

"நடுங்கும். அதனாலதான் நீ வரணும். பக்கத்துல படுத்துத் தூரத்தைச் சொல்லு. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்லு. நான் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு, வேற எதுவும் பேசாத."

"சரி."

"அழக்கூடாது."

"சரி."

"நான் அழுதா பார்க்கக்கூடாது."

விறகை அடுக்க உதவினேன். மாலை வரை அங்கே இருந்தேன். மாப்பிள்ளை என்ற பேரை அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பதினேழு என்றும் சொல்லவில்லை. "அது" என்றுதான் சொன்னான்.

நாளை, திங்கள். காற்று வடமேற்கு என்கிறார்கள். அதனால் தெற்கிலிருந்து அணுக வேண்டும். கரையோரப் பனி பலவீனமாக இருப்பதால் வண்டிகளை இரண்டு கிலோமீட்டர் முன்பே நிறுத்த வேண்டும். இரவு எட்டரைக்குப் படகுத்துறை. பார்வைக்கருவிக்கு மின்கலம் இரண்டு, கயிறு, பனிக் கம்பி, பட்டையின் திருகைக் கழற்றுவதற்கு நான்காம் எண் சாவி. துப்பாக்கி ஆல்ரிக்கிடம். தூரம் நான் சொல்வேன்.